கொடியோரத்து நீலச் சிறகுகள்: ஜமிடீஸ் வண்ணத்துப்பூச்சிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்ந்தவர் எவருக்கும் அந்தச் சின்ன நீல வண்ணத்துப்பூச்சி புதிதல்ல. பால்மர (ரப்பர்) காடுகளின் ஓரத்திலும், இப்போது அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்ட செம்பனை வரிசைகளுக்கு இடையிலும், கோயிலுக்குப் போகும் மண்பாதையின் இருமருங்கிலும், வெயில் சற்று ஏறியதும் அது கொடிக்குக் கொடி தாவிப் பறக்கிறது. பறக்கும்போது நீலமாக மின்னுகிறது. உட்கார்ந்ததும் பழுப்பாக மாறி, இலைச் சருகோடு சருகாக மறைந்துவிடுகிறது.

பார்க்காதவர் இல்லை என்றாலும், அதைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை தவறாகவே இருக்கின்றன. "அது குட்டி, இன்னும் வளரவில்லை" என்பார் ஒருவர். "எல்லாம் ஒரே வகைதான், ஒன்று கொஞ்சம் வெளுத்தது, இன்னொன்று கொஞ்சம் கறுத்தது" என்பார் மற்றொருவர். "தொடாதே, அந்தத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்" என்று பேரப்பிள்ளைகளைப் பிடித்து இழுக்கும் பாட்டிமாரும் உண்டு. மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்கைப் பார்க்கத் தாப்பா பக்கம் வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள், வீட்டு வேலியோரத்தில் பறக்கும் இந்தப் பூச்சியை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஆனால் உடலமைப்பிலும் வாழ்க்கை முறையிலும் இந்தச் சிறியது காட்டும் நுட்பம் அந்தப் பெரியதற்கு எள்ளளவும் குறைந்ததன்று என்பது என் உறுதியான எண்ணம். அதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறியது என்றால் குட்டி என்று பொருளில்லை

முதலில் "குட்டி" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். நாய்க்குட்டி நாயாக வளர்கிறது, கோழிக்குஞ்சு கோழியாக வளர்கிறது. ஆகையால் சிறிய வண்ணத்துப்பூச்சியும் வளர்ந்து பெரிய வண்ணத்துப்பூச்சி ஆகும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் பூச்சிகளின் உடல் வேறு விதமாக அமைந்தது. அவற்றுக்கு உள்ளே எலும்பு கிடையாது. உடலைத் தாங்குவது வெளிப்புறத்தில் உள்ள கெட்டியான ஓடு. ஒருமுறை இறுகிய ஓடு பிறகு விரிந்து கொடுக்காது. வளர வேண்டுமானால் அதைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டோடு பெரிய உடலுக்கு மாற வேண்டும்.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கையில் இந்த வளர்ச்சி முழுவதும் புழுப் பருவத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு தின்கிறது, தோலுரிக்கிறது, மறுபடியும் தின்கிறது. பிறகு அசையாமல் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகிறது. அதாவது, வெளியே மூடிய உறைக்குள் புழுவின் உடல் பிரிந்து சிறகுள்ள பூச்சியின் உடலாகத் திரும்பக் கட்டப்படும் இடைப்பருவம் அது. அதிலிருந்து வெளியேறிய வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் முதலில் கசங்கி ஈரமாக இருக்கும். உடலில் உள்ள நீரைச் சிறகு நரம்புகளுக்குள் அது அழுத்திச் செலுத்த, சிறகுகள் விரிந்து, காய்ந்து, இறுகிவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்தப் பூச்சி ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை.

ஆகவே 3 சென்டிமீட்டர் சிறகு விரிவுள்ள நீலப் பூச்சி ஒன்று உங்கள் முன்னால் பறந்தால், அது முழு வளர்ச்சி அடைந்த, இணை தேடும், முட்டையிடும் தகுதி உள்ள பூச்சி. ஒரே சிற்றினத்தில் ஒன்று சற்றுப் பெரிதாகவும் மற்றொன்று சற்றுச் சிறிதாகவும் இருப்பது உண்டு. அந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், புழுவாக இருந்தபோது அதற்கு வயிறாரத் தீனி கிடைத்ததா இல்லையா என்பதே.

குடும்பம், பேரினம், சிற்றினம்

அடுத்தது "எல்லாம் ஒரே வகை" என்ற பேச்சு. இதைத் தெளிவாக்க மூன்று சொற்கள் வேண்டும்.

தங்களுக்குள் இணைந்து, தொடர்ந்து இனம் பெருக்கக்கூடிய உயிர்களின் கூட்டத்தைச் சிற்றினம் என்கிறோம். ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்து, மிக நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதி பேரினம். உறவுடைய பேரினங்கள் பல சேர்ந்தது குடும்பம். நம் நீலப் பூச்சிகள் அடங்கிய குடும்பத்தின் பெயர் லைசினிடே. உலகில் அறியப்பட்ட வண்ணத்துப்பூச்சிக் குடும்பங்களில் இது இரண்டாவது பெரியது. 5,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் உள்ளன. சிறிய உடலும், மெல்லிய சிறகும், மேற்புறத்தில் நீலமோ செம்போ மின்னும் நிறமும் இக்குடும்பத்தில் பரவலாகக் காணப்படுகின்றன.

அறிவியல் பெயர் வைக்கும் முறையைப் புரிந்துகொள்வது நமக்கு எளிது. பள்ளிப் பதிவேட்டில் மு. செல்வம், மு. குமரன், மு. கலா என்று மூன்று பெயர்கள் இருந்தால், முன்னெழுத்து ஒரே வீட்டையும் பின்னால் வரும் பெயர் தனித்தனி ஆளையும் காட்டுவது போல, அறிவியல் பெயரின் முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் காட்டுகிறது. ஜமிடீஸ் செலினோ, ஜமிடீஸ் போகஸ், ஜமிடீஸ் அலெக்டோ என்றால், மூன்றும் ஜமிடீஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் மூன்றும் வெவ்வேறு சிற்றினங்கள், ஒன்றோடொன்று கலப்பதில்லை.

ஜமிடீஸ் என்ற பேரினத்தை 1819-ஆம் ஆண்டில் வகுத்தவர் ஜெர்மானியரான யாக்கோப் ஹூப்னர். அதன் சிற்றினங்களில் சில அதற்கு முன்பே வேறு பெயர்களில் விவரிக்கப்பட்டிருந்தன: செலினோவை 1775-இல் கிராமரும், போகஸை 1782-இல் ஸ்டோலும் பதிவு செய்திருந்தார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கி, மலாயாத் தீபகற்பம், இந்தோனேசியத் தீவுகள், நியூ கினி வழியாக ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை இப்பேரினம் பரவியிருக்கிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்து இறங்குவதற்கு வெகு காலம் முன்பே, அவர்கள் புறப்பட்ட ஊரிலும் வந்து சேர்ந்த ஊரிலும் இதே பூச்சி பறந்துகொண்டிருந்தது.

இதுவரை சொன்னவற்றைச் சுருக்கினால்: கொடியோரத்து நீலப் பூச்சி முழு வளர்ச்சி அடைந்தது; அது லைசினிடே குடும்பத்தில், பெரும்பாலும் ஜமிடீஸ் பேரினத்தில் சேரும்; அந்தப் பேரினத்துக்குள் பல சிற்றினங்கள் உண்டு.

நம் பக்கத்தில் காணக்கூடியவை

மிக எளிதில் கண்ணில் படுவது ஜமிடீஸ் செலினோ. பறக்கும்போது வெண்மை கலந்த வெளிர் நீலமாகத் தெரிவது இதுதான். நிழலும் வெயிலும் கலந்த இடங்களை விரும்பும். தரைக்கு நெருக்கமாக, அவசரமில்லாமல் பறக்கும். இதன் புழு அவரைக் குடும்பத்துச் செடிகளைத் தின்கிறது. புங்கை, குன்றிமணி, அசோகம் ஆகியவை அவற்றில் அடங்கும். அசோகின் இளந்தளிரும் பூவும் இதற்கு ஏற்ற உணவு.

ஜமிடீஸ் போகஸ் உருவில் சற்றுச் சிறியது. ஆனால் ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாதது. ஆண்பூச்சியின் மேற்புறத்தில், கரிய விளிம்புக்குள் ஆழ்ந்த நீலம் உலோகம் போலப் பளபளக்கிறது. கீழ்ப்புறமோ கரும்பழுப்பு, அதன்மேல் இழை இழையாக மெல்லிய வெள்ளைக் கோடுகள். வெயிலில் இது பறக்கும்போது நீலப் பொறி ஒன்று தோன்றித் தோன்றி மறைவதாகத்தான் தெரியும். சிறகு விரியும் கணத்தில் நீலம், மூடும் கணத்தில் கருமை. இதன் புழுக்கள் அவரைக் குடும்பத்துப் பூக்களையும் மொட்டுகளையும் நாடுகின்றன. தோட்டங்களில் மண் அரிப்பைத் தடுக்கவும் மண்ணுக்கு உரமூட்டவும் மரங்களுக்கிடையே விதைக்கப்படும் தரைமூடிக் கொடிகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நினைத்துப் பார்த்தால், நீலப் பூச்சிகளைத் தேட வேண்டிய இடம் எது என்பது விளங்கிவிடும்.

ஜமிடீஸ் அலெக்டோ இவ்விரண்டையும்விடப் பெரியது. வெளிர் நீலத்தில் உலோக மினுமினுப்பு உடையது. இதன் புழு இஞ்சிக் குடும்பத்துச் செடிகளை உண்கிறது. ஏலக்காய் பயிரிடும் நாடுகளில் பூவையும் இளங்காயையும் துளைக்கும் பூச்சியாக இதை விவசாயிகள் அறிவார்கள். மலையடிவாரத்து ஈரமான காட்டோரங்களில், காட்டிஞ்சி அடர்ந்த இடங்களில் இதற்காகக் காத்திருக்கலாம். இவை தவிர, செலினோவையும்விட வெளுத்த ஜமிடீஸ் பியூரா, மலாக்காவின் பெயரைத் தாங்கிய ஜமிடீஸ் மலாக்கானஸ், ஜமிடீஸ் அப்துல் என இன்னும் சில நம் தீபகற்பத்தில் வாழ்கின்றன. இவற்றுள் சில காட்டை விட்டு வெளியே வருவது அரிது.

பள்ளித் திடலின் புல்வெளியில் முழங்கால் உயரத்துக்கும் கீழே பறக்கும் இன்னும் சிறிய நீலப் பூச்சியை இவற்றோடு சேர்க்கக் கூடாது. அது ஜிஜினா என்ற வேறு பேரினம். அதன் பின்சிறகில் வால் இல்லை. கீழ்ப்புறத்தில் கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் இருக்கும். தொட்டாற்சிணுங்கி போன்ற தரையோரச் செடிகளே அதன் புழுவுக்கு உணவு.

நீலம் சாயம் அன்று

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வண்ணத்துப்பூச்சியைப் பிடித்த விரலில் ஒட்டும் தூளை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது மாவும் அன்று, சாயப்பொடியும் அன்று. சிறகின்மேல், ஓட்டு வீட்டின் கூரை வேயப்பட்ட முறையில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட நுண்ணிய தகடுகளே அவை. ஒவ்வொரு தகட்டையும் செதில் என்கிறோம். ஒரு செதிலின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வண்டின் ஓட்டிலும் உள்ள கைட்டின் என்ற பொருளால் ஆனது அது. அதில் பார்வையைப் பறிக்கும் நஞ்சு எதுவும் இல்லை; கண்ணில் பட்டால் எந்தத் தூசியும் உறுத்துவது போல உறுத்தும், தண்ணீரால் கழுவினால் போய்விடும். பூச்சியை விரலால் பிடிக்க வேண்டாம் என்று பாட்டிமார் சொன்னது நல்ல அறிவுரைதான். ஆனால் அதற்குக் காரணம் நம் கண் அன்று, பூச்சியின் சிறகு. உதிர்ந்த செதில் மீண்டும் முளைப்பதில்லை. சிலந்தி வலையில் சிக்கும்போது செதில்களை வலையிலேயே விட்டுவிட்டு உடல் நழுவித் தப்பிப்பதற்கு அவை பயன்படுகின்றன; அந்தக் காப்பை நாம் வீணாகத் துடைத்துவிடக் கூடாது.

சரி, நீலம் எங்கிருந்து வருகிறது? மழைக்குப் பிறகு சாலையோரக் குட்டையில் வண்டியிலிருந்து சொட்டிய எண்ணெய் படர்ந்து வானவில் நிறங்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்கு அந்த நிறங்கள் கிடையாது, தண்ணீருக்கும் கிடையாது. மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதன் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அலையின் மேடும் மேடும் சேரும் நிறம் வலுப்பெறுகிறது. மேடும் பள்ளமும் சேரும் நிறம் அழிந்துபோகிறது. எந்த நிறம் வலுப்பெறும் என்பதைப் படலத்தின் தடிமன் தீர்மானிக்கிறது.

நீலப் பூச்சியின் சிறகிலும் நடப்பது இதே இயற்பியல்தான். செதிலுக்குள் கைட்டினும் காற்றும் மாறி மாறி, ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய இடைவெளிகளில் அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் திரும்பும் ஒளியில் நீலம் மட்டும் ஒன்றுசேர்ந்து நம் கண்ணுக்கு வருகிறது; மற்ற நிறங்களை அடியில் உள்ள கருநிறப் பொருள் உறிஞ்சிக்கொள்கிறது. சாயத்தால் அல்லாமல் நுண்ணிய அமைப்பால் உண்டாகும் இத்தகைய நிறத்தைக் கட்டமைப்பு நிறம் என்பார்கள். பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மங்குவதும் மின்னுவதும் இதனால்தான். சாயம் நாளடைவில் வெளுக்கும். அமைப்பு குலையாத வரையில் இந்த நீலம் வெளுக்காது. அருங்காட்சியகப் பெட்டிகளில் நூறாண்டு கடந்த பூச்சிகள் இன்றும் பளபளப்பதற்குக் காரணம் இதுவே.

சிறகின் கீழ்ப்புறத்துப் பழுப்போ பெரும்பாலும் உண்மையான நிறமிதான். ஆக, மேலே ஒளியின் விளையாட்டு, கீழே சாதாரண நிறமி. இரண்டும் ஒரே சிறகில் இருக்கின்றன. இணையை அழைக்கவும் போட்டியாளரை எச்சரிக்கவும் மேற்புறம், ஒளிந்துகொள்ளக் கீழ்ப்புறம்.

வால் பக்கம் ஒரு பொய்த்தலை

உட்கார்ந்திருக்கும் ஜமிடீஸை அருகில் போய்ப் பாருங்கள். பின்சிறகின் நுனியில் மயிரிழை போன்ற ஒரு கரிய வால் இருக்கும். பலவற்றில் அதன் முனை வெண்மையாக இருக்கும். அதன் அடியில் ஆரஞ்சு வளையத்துக்குள் ஒரு கரும்புள்ளி. பூச்சி உட்கார்ந்ததும் சும்மா இருப்பதில்லை. பின்சிறகுகள் இரண்டையும் ஒன்றோடொன்று உரசி மேலும் கீழும் அசைக்கிறது. அப்போது வால் உணர்கொம்பு போல ஆடுகிறது, புள்ளி கண் போலத் தெரிகிறது. உண்மையான தலை எதிர்ப்பக்கத்தில் அசைவில்லாமல் இருக்கிறது.

பல்லியோ, குதிக்கும் சிலந்தியோ, பறவையோ தலையைக் குறிவைத்தே தாக்கும். ஏமாந்து பொய்த்தலையைக் கவ்வினால் அதற்குக் கிடைப்பது ஒரு துண்டுச் சிறகு மட்டுமே, பூச்சி பறந்துவிடும். பின்சிறகின் மூலையில் கத்தரித்தது போல ஒரு துண்டு இல்லாமல், வாலும் புள்ளியும் போய், மற்றபடி நன்றாகவே பறந்து தேனருந்தும் பூச்சிகளைக் கொடியோரங்களில் நீங்கள் காண்பீர்கள். அவை நோயுற்றவை அல்ல, தாக்குதலிலிருந்து தப்பியவை.

எறும்போடு கொண்ட உறவு

காராமணிப் பூவின் மொட்டு ஒன்றில் சிறிய வட்டமான துளை தெரிந்தால், அதை மெல்லப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சையோ இளஞ்சிவப்போ கலந்த, தட்டையான, தலை வெளியே தெரியாத ஒரு புழு, மகரந்தத்தைக் குடைந்து தின்றுகொண்டிருக்கலாம். இப்பேரினத்தின் சில சிற்றினங்களில் தாய்ப்பூச்சி மொட்டுகளில் முட்டையிட்டு, அதன்மேல் நுரை போன்ற ஒரு பசையைப் பூசிவிடுகிறது. அது காய்ந்து இறுகி முட்டைக்குக் காப்பாகிறது. பொரித்து வரும் புழு அருகிலுள்ள மொட்டுக்குள் புகுந்துகொள்கிறது.

அந்த மொட்டைச் சுற்றி எறும்புகள் திரிவதையும் பல வேளைகளில் காணலாம். எறும்புகள் புழுவைத் தின்ன வந்திருக்கின்றன என்று நினைத்து அவற்றைத் துரத்திவிடாதீர்கள். நடப்பது வேறு. லைசினிடே குடும்பத்தில், வாழ்க்கை வரலாறு ஆராயப்பட்ட சிற்றினங்களில் பெரும்பாலானவற்றின் புழுக்கள் எறும்புகளோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு கொண்டுள்ளன. புழுவின் முதுகில், பின்பகுதியை ஒட்டி, ஒரு சிறிய பிளவு இருக்கிறது. எறும்பு தன் உணர்கொம்பால் அங்கே தட்டித் தடவினால் அதிலிருந்து ஒரு துளி இனிப்பு நீர் வெளிவரும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கலந்த நீர் அது. எறும்பு அதைக் குடிக்கிறது. அந்தப் பிளவுக்குப் பின்னால் இரண்டு நுண்ணிய குழல்கள் உண்டு. ஆபத்து என்று உணர்ந்தால் புழு அவற்றை வெளியே நீட்டி, சுற்றியுள்ள எறும்புகளைக் கிளர்ச்சியடையச் செய்கிறது. புழுவின் உடலுக்குள் முட்டையிட வரும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் ஈக்களையும் எறும்புகள் நெருங்க விடுவதில்லை.

இதைப் பண்டமாற்று என்றே நெடுங்காலமாக விளக்கி வந்தார்கள்: புழு உணவு தருகிறது, எறும்பு காவல் தருகிறது. ஆனால் 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சியைக் கொண்டு செய்த ஆய்வு, கதை அவ்வளவு எளிதன்று எனக் காட்டியது. புழுவின் நீரைக் குடித்த எறும்புகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் அளவு குறைந்திருந்தது. அந்த எறும்புகள் நடமாட்டம் குறைந்து புழுவின் அருகிலேயே நின்றன. புழு குழல்களை நீட்டியபோது மற்ற எறும்புகளைவிட மூர்க்கமாகச் சீறின. நன்றியால் நிற்கும் காவலாளி என்பதைவிட, வசியம் செய்யப்பட்ட காவலாளி என்பது பொருத்தமாகிறது. எனினும் எறும்புக்கும் உணவு கிடைக்கிறது என்பதால் இதை முழு ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது.

ஜமிடீஸ் புழுக்கள் எறும்பு இல்லாமலும் உயிர் வாழக்கூடியவை. வந்தால் பயன்படுத்திக்கொள்ளும், வராவிட்டால் பாதகமில்லை. அதே குடும்பத்தில் எறும்பையே முழுக்க நம்பியவையும் உண்டு. மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை, மலாய்க்காரர்கள் கெரெங்கா என்று அழைக்கும் அந்தச் சிவப்பு எறும்பை, தோட்டத்தில் வேலை செய்து கடி வாங்காதவர் இருக்க முடியாது. ஆந்தீன் எமோலஸ் என்ற பூச்சி அந்த முசுறு இருக்கும் செடியில்தான் முட்டையிடுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர்களான ஃபீட்லரும் மாஷ்விட்ஸும் மேற்கு மலேசியாவில் இதை ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டார்கள். லைஃபைரா பிராசோலிஸ் என்பது இன்னும் ஒரு படி மேலே போய், முசுறுக் கூட்டுக்குள்ளேயே புகுந்து எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. அதன் புழுவின் முதுகு ஓடு போலக் கெட்டியாக இருப்பதால் எறும்பின் கடி உள்ளே இறங்குவதில்லை.

சுருங்கச் சொன்னால், லைசினிடே புழுக்களுக்கும் எறும்புகளுக்கும் உள்ள தொடர்பு ஒரே மாதிரியானதன்று; அவ்வப்போது கொள்ளும் கூட்டு முதல், முழுச் சார்பு, கொள்ளை வரை அது நீள்கிறது. ஜமிடீஸ் இந்த வரிசையின் மென்மையான முனையில் நிற்கிறது.

ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்து வேதியியலாளர்

நம் தோட்டங்களின் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேதியியலாளராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்டீவன் கார்பெட், பால்மரத்தைப் பற்றிய வேலைக்காக வந்து, வண்ணத்துப்பூச்சிகளில் உலகறிந்த வல்லுநரானவர். அருங்காட்சியக அதிகாரியான பெண்டில்பரியோடு சேர்ந்து அவர் 1934-இல் வெளியிட்ட மலாயாத் தீபகற்ப வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய நூல், பலமுறை திருத்தப்பட்டு இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை நூலாக இருக்கிறது.

தாம் சேகரித்த பூச்சிகளை எண்ணிப் பார்த்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே ஒரு பூச்சி மட்டும் கிடைத்த சிற்றினங்கள் 118. இரண்டு மட்டும் கிடைத்தவை 74. மூன்று கிடைத்தவை 44. அதாவது, அடிக்கடி கிடைப்பவை சில சிற்றினங்களே. அரிதாகக் கிடைப்பவை மிகப் பல. இந்த எண்களை அவர் புள்ளியியல் அறிஞர் ரோனால்டு ஃபிஷரிடம் கொண்டுபோனார். சேகரித்த பூச்சிகளின் எண்ணிக்கைக்கும் அவற்றில் அடங்கிய சிற்றினங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைக் கணிக்கும் முறையை ஃபிஷர், கார்பெட், பூச்சியியலாளர் வில்லியம்ஸ் மூவரும் 1943-இல் வெளியிட்டார்கள். உயிரினப் பன்மையை அளக்கும் இன்றைய முறைகள் பலவற்றுக்கு அக்கட்டுரை வேராக அமைந்தது. மலாயாவில் பிடிக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிகளிலிருந்து உலகப் புள்ளியியலுக்குப் போன பாடம் அது என்பதை நம் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும் என்று விரும்புகிறேன்.

"எல்லாம் ஒரே வகைதான்" என்ற பேச்சுக்கும் இதில் விடை இருக்கிறது. வேலியோரத்தில் பார்க்கும் நீலப் பூச்சிகளில் பெரும்பகுதி செலினோவாகவே இருக்கக்கூடும். ஆகையால் எல்லாம் அதுவே என்று தோன்றுகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் எப்போதாவது வந்து போகும் வேறொரு சிற்றினத்தை, பார்த்தும் நாம் பார்க்கத் தவறுகிறோம்.

எப்படி அடையாளம் காண்பது

பறக்கும்போது தெரியும் நீலத்தை மட்டும் நம்ப வேண்டாம். கோணத்துக்குக் கோணம் அது மாறும் என்று மேலே கண்டோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடவும் செய்யும். பெண்பூச்சியில் கரிய விளிம்பு அகலமாகவும் நீலம் மங்கலாகவும் இருப்பது வழக்கம். பூச்சி உட்காரும் வரை பொறுத்திருந்து, மூடிய சிறகின் கீழ்ப்புறத்தைப் பாருங்கள்.

வால் உண்டா என்பதை முதலில் பாருங்கள். ஆனால் வால் உடைந்து போயிருக்கலாம் என்பதையும் மறவாதீர்கள். பிறகு கீழ்ப்புற நிறம்: வெளிர் பழுப்பா, கரும்பழுப்பா? கரும்பழுப்பும் மெல்லிய வெள்ளைக் கோடும் என்றால் போகஸாக இருக்கலாம். வெளிர்ந்த நிறமானால் செலினோவும் அதன் நெருங்கிய உறவுகளும். அவற்றைப் பிரிப்பது வெள்ளைக் கோடுகள்தான்: முன்சிறகில் அவை தொடர்ந்து ஓடுகின்றனவா, நடுவில் முறிந்து விலகுகின்றனவா, சிறகு விளிம்பை ஒட்டிய புள்ளிகள் எவ்வளவு அழுத்தமாக உள்ளன என்பவற்றை வல்லுநர்கள் பார்க்கிறார்கள். சில சிற்றினங்களை ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்தே உறுதிப்படுத்த முடியும். அந்த வேலையை வல்லுநர்களிடம் விட்டுவிடலாம். "ஜமிடீஸ், சிற்றினம் தெரியவில்லை" என்று எழுதிக்கொள்வதில் குறையேதும் இல்லை.

கைப்பேசியில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. பூச்சிக்கு நேர் பக்கவாட்டில் கைப்பேசியைப் பிடித்து, மூடிய சிறகு முழுவதும் தெளிவாக விழும்படி ஒரு படம் எடுங்கள். சிறகை விரித்தால் மேற்புறத்தையும் எடுங்கள். உங்கள் நிழல் பூச்சியின்மேல் விழுந்தால் அது உடனே பறந்துவிடும். ஆகவே சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நெருங்குங்கள். அது எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது, அங்கே எறும்பு இருந்ததா, பூவில் துளை இருந்ததா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறகுக் கோடுகள் தெளிவாக விழாத படத்தில்கூட, பெண்பூச்சி முட்டையிட்ட செடியின் பெயர் தெரிந்தால், அவரைக் குடும்பமா இஞ்சிக் குடும்பமா என்ற ஒரே கேள்வியில் போகஸையும் அலெக்டோவையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கப்பட்ட வாரத்தில் போய்த் தேடாமல், கொடிகள் பூத்திருக்கும் வாரத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் போங்கள்.